வடிகட்டியை யார் கையில் கொடுப்பது?

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2018-ல் ஒரு பொதுநல வழக்கு தாக்கலானது. ஆபாசப் படங்கள் குழந்தைகளின் கைக்கு எளிதில் எட்டுகின்றன. ஆகவே இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியையும் சேர்த்தே தர வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 2025 டிசம்பரில் அந்த வழக்கை முடித்துவைத்த நீதிபதிகள், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கு ஆஸ்திரேலியா விதித்திருக்கும் தடையைப் போன்ற சட்டத்தை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்றார்கள். அதுவரை விழிப்புணர்வுப் பிரச்சாரத்தைத் தீவிரப்படுத்தவும் சொன்னார்கள். ஊடகங்களில் ஆஸ்திரேலியா தலைப்பாகிவிட்டது. வழக்கு எதைக் கேட்டுத் தொடங்கியதோ அந்தச் சின்ன வசதி, அதாவது வீட்டுக்குள் வரும் இணைப்பிலேயே ஒரு வடிகட்டி, பேச்சிலிருந்து நழுவிவிட்டது. தென்காசி மாவட்டம் அந்தக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் ஃபைபர் இணைப்பு ஓட்டுவீடுகள்வரை போய்விட்ட இந்நாளில், அந்தச் சின்ன வசதியைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வடிகட்டி வைக்க நான்கு இடங்கள் உண்டு: அரசு, இணைப்பு நிறுவனம், வீட்டு ரவுட்டர், ஒவ்வொருவர் கைபேசி. இவற்றில் ரவுட்டர் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வைத்தவரும் அதற்குக் கட்டுப்படுபவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அங்கே மட்டும்தான். என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

மேலிருந்து தடுக்கும் முயற்சிகளை நாம் நிறையவே பார்த்துவிட்டோம். 2015 ஜூலை கடைசியில் 857 தளங்களை முடக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள், குழந்தைகளைச் சித்திரிக்கும் ஆபாசம் இல்லாத தளங்களை விட்டுவிடலாம் என்று பின்வாங்கியது. 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து அதே பட்டியல் 827 தளங்களாகத் திரும்பி வந்தது. முடக்கப்பட்ட பெரிய தளம் ஒன்று, தன் முகவரியின் கடைசித் துண்டை மட்டும் மாற்றிக்கொண்டு மீண்டும் திறந்துவிட்டது. 2019 ஏப்ரல் 3-ல் டிக்டாக்கைத் தரவிறக்கத் தடை விதிக்கச் சொன்னதும் இதே மதுரைக் கிளைதான். ஏப்ரல் 24-ல் அந்தத் தடை நீங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் ஒன்றிய அரசு அதை வேறு காரணத்துக்காக, 59 செயலிகளில் ஒன்றாகத் தடை செய்தது. அந்தக் குறும்படக் கலாச்சாரம் வேறு செயலிகளுக்குக் குடிபெயர்ந்ததே தவிர, குறையவில்லை. இந்தப் பட்டியல்களில் தவறாகச் சேர்ந்த தளத்தை யாரிடம் போய் எடுக்கச் சொல்வது என்பது பொதுமக்களுக்குத் தெரியாது. பட்டியலில் ஓட்டை விழுந்தது என்பதைவிட இதுதான் பெரிய குறை.

நாடே வடிகட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்று தென்காசிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. கடையநல்லூர் வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் ஏராளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆபாசத் தளங்களை முடக்கும் அதே ஏற்பாடுதான் வாட்ஸ்அப் வழியாக வீட்டுக்குப் பேசுவதையும் நெடுங்காலமாகத் தடுத்து வந்திருக்கிறது. செய்தி அனுப்ப முடிந்தது, குரலும் முகமும் வேண்டுமென்றால் அனுமதி பெற்ற செயலிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் காப்பதற்காக என்று சொல்லிக் கட்டப்படும் சாதனம் தொலைபேசி நிறுவனத்தின் வருமானத்தைக் காப்பதற்கும் பயன்படும். சாவி தொலைவில் இருந்தால் இது தவிர்க்க முடியாதது.

வீட்டு வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் பலமும் பலவீனமும் அந்த இயக்கத்திலேயே இருக்கின்றன. கைபேசியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்ன என்று முதலில் ஒரு டிஎன்எஸ் சேவையகத்திடம் கேள்வி போகிறது. பதில் வந்த பிறகே பக்கம் திறக்கும். வழக்கமாக இந்தக் கேள்வி இணைப்பு நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகும். அதை மாற்றி, வேண்டாத தளங்களின் பெயரைக் கேட்டால் பதில் தர மறுக்கும் சேவையகத்துக்குத் திருப்பிவிடுவதுதான் வடிகட்டி. ஓபன் டிஎன்எஸ் நிறுவனம் 2010-லேயே குடும்பங்களுக்கென்று இப்படியொரு சேவையை இலவசமாகத் தொடங்கியது. கிளவுட்ஃபிளேர் 2020 ஏப்ரலில் 1.1.1.3 என்ற முகவரியில் தொடங்கியது. கிளீன்பிரவுசிங், ஆட்கார்டு போன்றவையும் உள்ளன. கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். உலாவியில் 192.168.1.1 என்று அடித்து, ரவுட்டர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போனால், லேன் அல்லது டிஹெச்சிபி என்ற பக்கத்தில் டிஎன்எஸ் எண்ணுக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதில் 1.1.1.3, இரண்டாவதில் 1.0.0.3. சேமித்து, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று பலரும் நினைக்கும் இந்த இடத்தில்தான் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் வடிகட்டியின் எண்ணைப் போட்டுவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டாவதில் கூகுளின் 8.8.8.8-ஐ விட்டுவைப்பார்கள். கருவிகள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும். ஆகவே ஒரே தளம் ஒரு நேரம் மறுக்கப்படும், ஒரு நேரம் திறக்கும். இரண்டாவது ஓட்டை ஐபிவி6. இந்தப் புதிய முகவரி முறை உலகிலேயே மிகப் பரவலாகப் புழங்கும் நாடுகளில் இந்தியா ஒன்று. பழைய முறைக்கான கட்டங்களை மட்டும் நிரப்பினால், கைபேசி புதிய முறையில் நிறுவனத்தின் சேவையகத்தையே கேட்டுக்கொண்டிருக்கும். வடிகட்டி இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் வீட்டில் வடிகட்டியே இருக்காது. அங்கே 2606:4700:4700::1113 என்பதையும் அதன் இணையையும் இட வேண்டும். கூடவே பெட்டிக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். பெட்டியின் பின்புறத் துளையில் குண்டூசியை விட்டால் எல்லாம் அழிந்து தொடக்க நிலைக்குப் போய்விடுமே என்பார்கள். போகும்தான். ஆனால் பல இணைப்புகளில் நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் அதோடு அழிந்து இணையமே நின்றுவிடும், லைன்மேனைக் கூப்பிட வேண்டிவரும். இரகசியமாகச் செய்யக்கூடிய காரியம் அல்ல அது.

இந்த வடிகட்டிக்கு எதிரான மிக வலுவான சான்று ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி, விக்டோரியா நாஷ் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஒரு வளரிளம் பருவத்தினர் ஆபாசத்தைப் பார்க்காமல் தடுக்க 17 முதல் 77 வீடுகள்வரை வடிகட்டி வைத்திருக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. வடிகட்டி வீண் என்ற முடிவுக்கு அந்த ஆய்வைப் பயன்படுத்துவது சுலபம். நான் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: தேடிப் போகும் 15 வயதுப் பையனை எந்தப் பெட்டியும் நிறுத்தாது. எனக்குக் கவலை தேடிப் போகாத பிள்ளைகளைப் பற்றியது. இலவசமாகப் படம் பார்க்கலாம் என்று அண்ணன் திறந்துவைத்த திருட்டுத் தளத்தின் ஓரத்தில் எட்டு வயதுத் தங்கை பார்த்துவிடும் விளம்பரம், வீட்டுப்பாடத்துக்குப் படம் தேடும்போது எழுத்துப் பிழையால் வந்து விழும் பக்கம், ஸ்மார்ட் டிவியில் தானாகத் திறக்கும் இணைப்பு, இவைதான் ரவுட்டர் வடிகட்டி நன்றாகத் தடுக்கும் விஷயங்கள். டிவிக்கும் பழைய லேப்டாப்புக்கும் குற்றாலச் சீசனுக்குச் சென்னையிலிருந்து வந்து இறங்கும் சொந்தக்காரப் பிள்ளைகளின் கைபேசிகளுக்கும் தனித்தனியாகச் செயலி போட முடியாது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனத்தின் உலா உலாவியில்கூடக் குழந்தைகளுக்கான தனி வகை இருக்கிறது. ஆனால் அது அந்த உலாவியைத் திறந்தால் மட்டும் காக்கும். வீட்டில் இணையும் எதற்கும் பொதுவாக இருப்பது ரவுட்டர்தான்.

மொபைல் டேட்டாவைப் பற்றிக் கேட்காதவர் இருக்க மாட்டார். வைஃபையை அணைத்துவிட்டால் வடிகட்டியும் போயிற்றே? கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய 2024-ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கைப்படி 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 சதவீதத்துக்கும் மேலானோருக்குத் திறன்பேசி இயக்கத் தெரியும். அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். ஆகவே கேள்வி நியாயமானது. ஆண்ட்ராய்டில் ஒன்பதாம் பதிப்பிலிருந்தே ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்றொரு அமைப்பு இருக்கிறது. பிள்ளையின் கைபேசியில் அங்கே ‘ஃபேமிலி.கிளவுட்ஃபிளேர்-டிஎன்எஸ்.காம்’ என்ற பெயரை ஆங்கிலத்தில் அடித்துவைத்தால், வைஃபையிலும் டேட்டாவிலும் அதே வடிகட்டி தொடரும். விவரம் தெரிந்த பிள்ளை அதை மாற்றிவிடும், அல்லது விபிஎன் போட்டுத் தாண்டிவிடும் என்பதும் உண்மை. மாற்றத் தெரிந்த வயதில் அந்தப் பிள்ளையிடம் பேச வேண்டிய பேச்சு வேறு. வடிகட்டி ஆறு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில்தான் உண்மையில் உழைக்கிறது. அதற்கு மேல் நாள் போகப் போக அது பெயரளவுக்கு நிற்கும். அந்த ஏழு ஆண்டுகள் போதாதா?

அதைவிடக் கடினமான கேள்வி, வடிகட்டியின் கண்ணுக்கு எது தெரியும் என்பது. டிஎன்எஸ் பார்ப்பது தளத்தின் பெயரை மட்டுமே. யூடியூப் என்ற ஒரு பெயருக்குள் நர்சரிப் பாட்டும் இருக்கிறது, இரட்டை அர்த்தத் தலைப்புப் போட்டு ஆள் பிடிக்கும் தமிழ்ச் சேனலும் இருக்கிறது. இன்ஸ்டாகிராம், டெலிகிராம் கதையும் இதுவே. ஆங்கிலத்தில் ஆபாசம் பெரும்பாலும் அதற்கென்று உள்ள தளங்களில் கிடக்கிறது, பட்டியலில் அடங்குகிறது. தமிழில் பிள்ளைகளை எட்டும் கசடு பெரும்பாலும் இந்தப் பெரிய செயலிகளுக்குள்ளேயே ஓடுகிறது. ரவுட்டரில் யூடியூபைக் கட்டுப்பாட்டு நிலைக்குத் திருப்பிவிட முடியும், கூகுள் தேடலையும் பாதுகாப்பு நிலையில் பூட்டிவைக்க முடியும். ஆனால் அந்த நிலையின் தரம் எல்லா மொழிகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தமிழ்க் காணொளிகளைத் தமிழ் தெரிந்தவர்கள் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அந்த நிறுவனங்களிடம் வைக்க வேண்டியது அரசு. நீதிமன்றமும் சட்டமன்றமும் கைவைக்க வேண்டிய இடம் அதுதான். வீடு செய்யக்கூடியதை வீட்டிடம் விட்டுவிட்டு, வீட்டால் செய்ய முடியாத இதை அவை எடுத்துக்கொள்ளட்டும்.

ஆபாசம் மட்டுமே வேண்டாத உள்ளடக்கம் என்று நினைத்துவிடவும் கூடாது. இணையச் சூதாட்டத்தால் சிதைந்த குடும்பங்களை முன்வைத்தே தமிழ்நாடு 2022-ல் தடைச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை ஒன்றியச் சட்டமே தடை செய்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்களுக்கு நம் சட்டம் எளிதில் எட்டாது. இங்கே காக்க வேண்டியது பிள்ளையை அல்ல, பெரும்பாலும் வீட்டுத் தலைவரை. 1.1.1.3 சூதாட்டத் தளங்களைத் தடுக்காது; ஆபாசத்தையும் நச்சு நிரல்களையும் மட்டுமே தடுக்கும். சூதாட்டத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் நெக்ஸ்ட் டிஎன்எஸ் போன்ற, வகை வகையாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய சேவைக்குப் போக வேண்டும். தன் கையைத் தானே கட்டிக்கொள்ள விரும்பும் ஒருவர், கடவுச்சொல்லை மனைவியிடம் கொடுத்து வைத்துவிடலாம். இது சின்ன உதவி அல்ல.

இனி, இந்த வாதத்தில் எனக்கே உறுத்தலாக இருக்கும் பகுதி. ஒரே கூரையின் கீழ் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தக் கூரையின் கீழ் எல்லோருக்கும் சம அதிகாரம் இல்லை. அக்கா யாருக்குச் செய்தி அனுப்புகிறாள் என்று தம்பி கைபேசியைப் பிடுங்கிப் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. பீடி சுற்றிச் சம்பாதித்து இணைப்புக்குப் பணம் கட்டும் அம்மாவுக்கு அந்தப் பெட்டியின் கடவுச்சொல் தெரியாது, மகனுக்குத் தெரியும். இப்படிப்பட்ட வீட்டில் வடிகட்டி பெண்களை வேவு பார்க்கும் கருவியாக மாறுவதற்கு ஒரு சொடுக்குப் போதும். சில சேவைகளும், ராஸ்பெரி பை கணினியில் நாமே நிறுவிக்கொள்ளும் பை-ஹோல் போன்ற மென்பொருள்களும், எந்தக் கருவி எந்த நேரத்தில் எந்தத் தளத்தைக் கேட்டது என்று பதிவேடு காட்டும். தடுப்பதும் கண்காணிப்பதும் வேறு வேறு காரியங்கள். தடுக்கும் வேலைக்குப் பதிவேடு தேவையே இல்லை. அதை அணைத்துவைக்க வேண்டும், அல்லது 1.1.1.3 போல வீட்டாருக்குப் பதிவேடே காட்டாத சேவையை வைத்துக்கொள்ள வேண்டும். வடிகட்டி இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும், பிள்ளைகள் உட்பட, சொல்லிவிட வேண்டும். தடுக்கப்பட்ட பக்கம் ஏதாவது நியாயமான தேவைக்கு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்கலாம், திட்டு விழாது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருக்க வேண்டும். இது கற்பனைத் தேவை அல்ல. 1.1.1.3 தொடங்கிய அன்றே, பால் புதுமையினருக்கு ஆதரவான தளங்களையும் அது தவறாகத் தடுத்துவிட்டது. நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தியது. உடம்பைப் பற்றியும் மனதைப் பற்றியும் கேட்க வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்தத் தளங்களில் ஒன்று மட்டுமே துணையாக இருக்கக்கூடும். அமெரிக்காவில் நூலகங்களுக்கு வடிகட்டியைக் கட்டாயமாக்கிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2003-ல் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம், பெரியவர்கள் கேட்டால் நூலகர் அதைத் திறந்துவிட முடியும் என்பது. கேட்டால் திறக்கும் வழி இல்லாத வடிகட்டியை நான் ஆதரிக்கவில்லை.

நம் வீட்டுக் கேள்விகளையெல்லாம் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்புவதா என்ற தயக்கமும் நியாயமே. இப்போது அவை இணைப்பு நிறுவனத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன என்பது பாதிப் பதில். ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் டிஎன்எஸ்4ஈயூ என்ற பொதுச் சேவையைக் குழந்தைப் பாதுகாப்பு வகையோடு தொடங்கியிருக்கிறது. அந்த மாதிரி ஒன்றை இங்கே, தமிழ்த் தளங்களை அறிந்தவர்களைக் கொண்டு, யாராவது நடத்தினால் அதைவிட நல்லது வேறில்லை.

குற்றாலத்தின் தங்கும் விடுதிகளும் காட்டேஜ்களும் தனிக் கணக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விழும் நாள்களில் பேரருவியில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டுவிட்டால், குடும்பம் குடும்பமாக அறைக்குள் உட்கார்ந்து கைபேசியைப் பார்ப்பதுதான் பொழுது. வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரே கடவுச்சொல்லில் நூறு பேர் இணைகிறார்கள். அங்கே பெரியவர்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுப்பது விடுதிக்காரர் வேலை அல்ல. ஆனால் நச்சு நிரல்களை மட்டும் தடுக்கும் 1.1.1.2-ஐ எல்லா விடுதிகளும் தயங்காமல் வைக்கலாம். பொது வைஃபையில் குடும்ப வடிகட்டி வைத்தால், கடவுச்சொல்லுக்குக் கீழேயே அதை எழுதி ஒட்டிவிட வேண்டும். வேண்டாதவர் தன் டேட்டாவைப் பயன்படுத்திக்கொள்வார். விருந்தினருக்குத் தனி வைஃபை பிரித்துக் கொடுக்காமல், அறை முன்பதிவுக் கணினி இருக்கும் அதே இணைப்பில் எல்லோரையும் சேர்ப்பதுதான் உண்மையில் ஆபத்து. அதைப் பற்றி ஏனோ யாரும் கவலைப்படுவதில்லை.

கடைசியாக, வீட்டு வடிகட்டியை யார் அமைத்துக் கொடுப்பது? பிரிட்டனில் பெரிய இணைப்பு நிறுவனங்கள் 2013 கடைசியிலிருந்து புதிய வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் வடிகட்டி வேண்டுமா என்று திரையில் கேட்கத் தொடங்கின. அடுத்த ஆண்டு ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்ட கணக்கில், விர்ஜினில் 4 சதவீதமும் பிரிட்டிஷ் டெலிகாமில் 5 சதவீதமும் ஸ்கையில் 8 சதவீதமும்தான் சரி என்றிருந்தார்கள். முன்பிருந்தே இதை முன்னிறுத்தி வந்த டாக்டாக்கில் மட்டும் 36 சதவீதம். கேள்வி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. யார் எவ்வளவு காலம் எடுத்துச் சொன்னார்கள் என்பதில்தான் வேறுபாடு என்று நான் வாசிக்கிறேன். தென்காசி மாவட்டத்தில் ஃபைபர் இணைப்பைப் பல வீடுகளுக்குக் கொண்டுவருபவர் திரைக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் அல்ல, பிஎஸ்என்எல்லுக்குக் கூட்டாளியாக இருக்கும் உள்ளூர் கேபிள்காரர். ஏணியும் கம்பிச்சுருளுமாக வீட்டுக்குள் வந்து, பெட்டியைச் சுவரில் மாட்டி, கடவுச்சொல்லை அமைத்துக் கொடுப்பவர் அவர்தான். உரிமம் தரும் தொலைத்தொடர்புத் துறை மூன்று விதிகள் போட்டால் போதும்: டிஎன்எஸ் கட்டங்களை எந்த நிறுவனமும் பூட்டிவைக்கக் கூடாது, பெட்டிக்குள் நுழையும் கடவுச்சொல்லை இணைப்பு வாங்கியவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், வடிகட்டி வேண்டுமா என்ற கேள்வியைத் தமிழில் விண்ணப்பத்திலேயே அச்சிட்டு, விடையை வீட்டாரிடம் விட்டுவிட வேண்டும். வேண்டும் என்று சொன்ன வீட்டில், சோதனைக்கென்றே அந்தச் சேவை வைத்திருக்கும் பக்கத்தை அம்மாவின் கைபேசியிலும் டிவியிலும் ஒருமுறை திறந்து பார்த்து, ஐபிவி6 கட்டங்களையும் நிரப்பிவிட்டுத்தான் கேபிள்காரர் ஏணியை எடுக்க வேண்டும்.